ஒரே கிணறு, ரெண்டு பங்காளி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாலக்கோட்டுலருந்து, பென்னாகரத்துலருந்துலாம் வந்திருக்கீங்க, கடைசி பஸ்ஸுக்குள்ள முடிச்சிடறேன்.

ஒரே சாமி, ஒரே சாப்பாடு, பேச்சுகூட கொஞ்சம் புரியும், அப்புறம் ஏன் பக்கத்து பக்கத்து நாடுங்க அடிச்சிக்குதுன்னு கேக்கறோம். நம்ம தருமபுரி கோர்ட்டுல போய் நின்னு பாருங்க, முன்ன பின்ன தெரியாதவன் மேலயா கேஸ் போட்டிருக்கான்? பங்காளி மேலதான். எங்க பாட்டன் வெட்டின கிணத்துல ரெண்டு பங்கு, ஒரே மோட்டார், ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. சித்தப்பா முறை அன்னிக்கு கரண்ட் இல்ல, மறுநாள் எங்க முறையில அவர் மோட்டார போட்டுட்டாரு. அவ்ளோதான், 11 வருஷமா பேச்சு இல்ல. பொது சொத்து இருந்தாதானங்க பாகத் தகராறே வரும்.

தாய்லாந்தையும் கம்போடியாவையும் எடுத்துக்கங்க. ரெண்டுமே தேரவாத புத்தம், ரெண்டுக்கும் புதுவருஷம் நம்மள மாதிரியே ஏப்ரல்ல. சண்டை எதுக்குன்னா, மலை உச்சியில ஒரு பழைய சிவன் கோயில், பிரியா விகார்னு பேரு. அப்ப கம்போடியாவ ஆண்ட பிரெஞ்சுக்காரனும் சியாமும் (தாய்லாந்தோட பழைய பேரு) போட்ட 1904 ஒப்பந்தப்படி, எல்லை மலையோட நீர்வடி கோட்ட, அதாவது மழைத்தண்ணி ரெண்டு பக்கமா பிரியற கோட்ட ஒட்டி போகணும், ஆனா 1907ல பிரெஞ்சுக்காரன் போட்ட மேப்புல கோயில் கம்போடியா பக்கம் விழுந்துடுச்சு. சியாம் அந்த மேப்ப வாங்கி வெச்சிகிட்டு ரொம்ப வருஷம் வாயே தொறக்கல. 1962ல சர்வதேச கோர்ட்டு, இத்தன வருஷம் சும்மா இருந்தீங்களேன்னு 9க்கு 3ன்னு கம்போடியாவுக்கு தீர்ப்பு குடுத்துடுச்சு. ஆனா கோயிலுக்கு சுலபமா ஏறிப்போற பக்கம் தாய்லாந்துல, கம்போடியா பக்கம் செங்குத்து பாறை. கிணறு ஒருத்தனுக்கு, அதுக்கு போற வண்டிப்பாதை இன்னொருத்தனுக்கு, இதுக்கு மேல என்னங்க வேணும்?

நிலம்னாகூட அளந்து கல்லு நட்டுடலாம். 2003ல, அங்கோர்வாட் எங்களுதுன்னு ஒரு தாய்லாந்து நடிகை சொன்னதா வதந்தி, அந்தப் பொண்ணு நான் சொல்லவே இல்லன்னுச்சு, அதுக்குள்ள கம்போடியா தலைநகர் நாம்பென்ல தாய்லாந்து தூதரகத்தையே கொளுத்திட்டாங்க. 2023ல கம்போடியா நடத்தின தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில கிக்பாக்ஸிங்குக்கு குன் க்மேர்னு பேரு வெச்சதுக்கு, அது எங்க முவாய் தாய்னு அந்த ஆட்டத்துக்கு தாய்லாந்து ஆளே அனுப்பல. ஒத்துமை ஒத்துமைன்றோமே, அதுலதான் யாரு முதல்லன்ற சண்டை, முன்னபின்ன சம்பந்தமே இல்லாத நாட்டுக்காரன்கிட்ட இத போய் யாரு கேக்கப்போறா.

2025ல நடந்தது இன்னும் கூத்து. எல்லையில பதட்டமா இருக்கறப்ப அப்ப தாய்லாந்து பிரதமரா இருந்த பெதோங்தான், கம்போடியாவோட முன்னாள் பிரதமர் ஹுன் சென்னுக்கு போன் போட்டு "அங்கிள்"னு பேசியிருக்காங்க, ஏன்னா அவங்க அப்பா, தாய்லாந்து முன்னாள் பிரதமர் தக்சினுக்கு அவரு பழைய சிநேகிதம். அந்த போன் பேச்சு வெளிய வந்துடுச்சு. ஜூலைல 5 நாள் பீரங்கி சண்டை, லட்சக்கணக்குல ஜனம் ஊரக் காலி பண்ணி ஓடுச்சு, ஆகஸ்ட்ல அந்த அம்மா பதவியும் போச்சு.

நானும் எங்க சித்தப்பாவுக்கு போன் பண்ணி பேசிடலாம்னுதான் இருந்தேன். இந்த நியூஸ படிச்சப்புறம் எதுக்கு வம்புன்னு நேர்லயே போனேன். மோட்டார் ஓடிட்டு இருந்துச்சுங்க, அன்னிக்கு எங்க முறை.