உயிரணுவுக்குள் பீனாலிகச் சேர்மங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் போன்ற தாவரப் பீனாலிகச் சேர்மங்கள் நம் உயிரணுக்களுக்குள் என்ன செய்கின்றன என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

இச்சேர்மங்களின் பென்சீன் வளையத்தோடு இணைந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி, தன் ஹைட்ரஜன் அணுவைத் தந்து தனி உறுப்புகளை, அதாவது இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளை (free radicals), அடக்கக்கூடியது. டி.பி.பி.எச். என்னும் தனி உறுப்பின் கருஊதாக் கரைசலில் தாவரச் சாற்றைச் சேர்த்ததும் அது வெளிறி மஞ்சளாவது இதனால்தான். கண்ணைக் கவரும் சோதனை. ஆனால், அந்தக் குழாயில் உயிரணு ஒன்றுகூட இல்லை.

உயிரணு தானே ஆக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருளான குளுட்டாதையோன் அதனுள் மில்லிமோலார் செறிவில் இருக்கிறது. உணவின் வழியே இரத்தத்தை எட்டும் குவெர்செட்டின் போன்றவையோ பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாரைக்கூடத் தொடுவதில்லை. ஆயிரம் மடங்கு வேறுபாடு இருக்கையில், தனி உறுப்புகளை நேரடியாக அடக்குவதே இவற்றின் முதன்மைப் பணி என்று சொல்வது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

இவை உயிரணுவின் சொந்தக் காப்பைத் தட்டி எழுப்புகின்றன என்பதே ஏற்கத்தக்க விளக்கம். அருகருகே இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட சேர்மம் ஆக்சிஜனேற்றமடைந்து குயினோனாக மாறி, கீப்1 (Keap1) புரதத்தின் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களோடு பிணையும்போது, வழக்கமாக அப்புரதத்தின் பிடியில் சிதைவுக்கு அனுப்பப்படும் என்.ஆர்.எஃப்.2 (Nrf2) என்னும் மரபணு இயக்கிப் புரதம் தப்பி உட்கருவை அடைந்து, குளுட்டாதையோன் ஆக்கத்துக்கான மரபணுக்களை இயக்குகிறது. ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் பொருள் தானே ஆக்சிஜனேற்றமடைந்துதான் இவ்வேலையைச் செய்கிறது என்பது வியப்புக்குரியது.

அழற்சியில் பாதை வேறு. பாக்டீரியாவின் புறச்சவ்வுப் பொருளான லிப்போபாலிசாக்கரைடு பட்ட பெருவிழுங்கி என்னும் நோயெதிர்ப்பு அணுவில், ஐ.கே.கே. நொதி தூண்டப்பட்டு, என்.எஃப். கப்பா பி என்னும் மரபணு இயக்கிப் புரதம் உட்கருவுக்குள் புகுந்து, டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 ஆகிய அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்க வைக்கிறது. உயிரணு வளர்ப்புத் தட்டில் பல பீனாலிகச் சேர்மங்கள் இத்தொடரைத் தடுப்பது உண்மையே. ஆனால், அங்கே பயன்படுத்தப்படும் செறிவு பெரும்பாலும் பத்து மைக்ரோமோலாருக்கு மேல். போதாக்குறைக்கு, சில சேர்மங்கள் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதால், கண்ட விளைவு எதனுடையது என்று பிரித்தறிவதும் கடினம்.

மேலும், குடலும் கல்லீரலும் இச்சேர்மங்களைக் குளுகுரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. மாதுளையின் எலாஜிடானின்கள் என்னும் பீனாலிகச் சேர்மங்களைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின்கள் என்னும் சிறு மூலக்கூறுகளாக மாற்றுகின்றன. அதுவும் எல்லோர் குடலிலும் ஒரே மாதிரி நிகழ்வதில்லை. ஆகவே, தாவரச் சாற்றை அப்படியே தட்டில் ஊற்றாமல், இரத்தத்தில் உண்மையில் சுற்றும் இந்த மாற்றுவடிவங்களை, அங்கு அவை இருக்கும் அதே சிறிய செறிவில் உயிரணுக்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளையே நான் பெரிதும் பொருட்படுத்துகிறேன்.