ஐப்பசி மழைக்கு முன்: வாளிச் செடியும் பிள்ளைத் தொப்பியும்

நேயர்களுக்கு வணக்கம். ஓகஸ்ட் மாதம் முடியப்போகிறது. ஒக்டோபர் பிறந்தால் கொழும்பில் பின்னேரத்து இடிமழை பலக்கத் தொடங்கிவிடும். அதற்குள் கையில் இருப்பது ஐந்தாறு வாரம். வீட்டில் மரக்கறி நட்டு, பின்னல் பின்னி விற்கிறவர்களுக்கு இந்த ஐந்தாறு வாரமும் பொன் மாதிரி. நாற்று வேரூன்றவும் வெயில் வேண்டும், நத்தாருக்கு விற்கப்போகும் பின்னலைக் கழுவி நிழலில் உலர்த்தவும் வெயிலடிக்கும் நாள் வேண்டும்.

அந்த வெயில் எங்கே விழுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் தெற்கே சாயும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வடக்குப் பார்த்த பல்கனி உள்ளவர்கள், ஜூலையில் அங்கே வெயில் விழுந்ததை நம்பி மிளகாயும் கத்தரியும் வைக்காதீர்கள். ஒக்டோபரில் நேர்வெயில் கிடைக்காமல் செடி நெட்டையாக வளருமே தவிர காய்க்காது. அந்த இடத்துக்குக் கங்குனும் வல்லாரையும் போதும். காய்க்கும் செடிக்கு ஆறு மணித்தியால வெயிலாவது வேண்டும். தெற்குப் பக்கம் அல்லது மொட்டைமாடிதான் அதற்குச் சரி.

இப்போது போடுவதற்கு வெண்டி நல்லது. 20 லீட்டர் வாளி ஒன்றுக்கு ஒரு செடி. அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை அப்படியே கொட்டிவிடக் கூடாது. ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை வடித்து, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தரம் அலச வேண்டும். அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு இளஞ்செடியின் இலை ஓரத்தைக் கருக்கிவிடும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். விதையை ஒரு இரவு ஊறவைத்து, விரல் நுனி ஆழத்தில் இரண்டு போட்டு, முளைத்தபின் திடமானதை மட்டும் விடுங்கள். ஏறக்குறைய ஐம்பது நாளில் முதற்காய் பறிக்கலாம். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். முற்றவிட்டால் செடி புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

வாளிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம். ஒரு வாரம் தேங்கிய தண்ணீர் நுளம்பு பெருகப் போதும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. சட்டம் இருக்கட்டும், டெங்குக் காய்ச்சல் நம் வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலில் வரும்.

செடி வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடித்து, நகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நூலைத் தொட வேண்டும். வெளிர்நிறப் பருத்தி நூலில் ஏறிய மண்கறை லேசில் போகாது. மண் வேலையால் சொரசொரத்த விரலில் நூல் இழுபட்டுப் பிசிறும். தேங்காய் எண்ணெய் பூசுவதென்றால் இரவில் பூசுங்கள். பின்னுவதற்குச் சற்று முன் பூசினால் எண்ணெய் நூலில் ஏறிவிடும்.

கொழும்பு வெக்கைக்குக் கம்பளி சரிவராது, பச்சைக் குழந்தைக்குப் பருத்தி நூலே நல்லது. பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 35 சென்ரிமீற்றர். தொப்பி இழுபடும் என்பதால் 32க்குப் பின்ன வேண்டும். தொடங்குமுன் ஒரு சதுரத் துண்டு பின்னி, கழுவிக் காயவைத்து, 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) என்று எண்ணுங்கள். 22 கண்ணி வந்தால் தொப்பிக்கு 70 கண்ணி. அதே 70 கண்ணியை இளக்கமான கைக்காரர் 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணி வீதம் பின்னினால் தொப்பி 35 ஆகி, குழந்தையின் கண்ணை மறைக்கும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார். மணி, பொத்தான், தொங்கும் நாடா எதுவும் வேண்டாம். குழந்தை பிய்த்து வாயில் போட்டுவிடும்.

புறக்கோட்டையில் நூல் வாங்கும்போது சுற்றுத்தாளில் உள்ள சாயத் தொகுதி இலக்கம் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குரிய எண்) எல்லா உருண்டையிலும் ஒன்றா என்று பாருங்கள். இலக்கம் மாறினால் தொப்பியின் நடுவில் நிறம் கோடு போட்டதுபோல் பிரியும். சிவப்பு, கடுநீல நூலில் ஒரு முழத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளை நூலோடு சேர்க்காதீர்கள்.

விலை போடும்போது பலர் நூற்காசை மட்டும் கணக்கெடுக்கிறார்கள். ஒரு தொப்பிக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். கழுவவும் தைக்கவும் போன நேரமும் அதில் வர வேண்டும். அந்தக் கூலியைச் சேர்க்காத விலை, பின்னியவருக்கு நட்டம்தான்.

முடித்தவற்றைத் தொங்கவிடாமல், துவாய்மேல் விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரப் பருத்தி தன் பாரத்தாலேயே நீண்டுவிடும். மழை தொடங்கியபின் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை பிரித்து, காற்றுப்பட விட்டு எடுங்கள்.