நடைபாதையில் தூங்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யலாம்?

[திரையில்: அட்மிஷன் விண்ணப்பம். 'வீட்டு முகவரி' கட்டம் மட்டும் காலி.]

சிக்கல் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது. சென்னையில் பாரிமுனை, யானைகவுனி பக்கம் தலைமுறைகளாக நடைபாதையிலேயே குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. "அட்ரஸ் புரூஃப் எடுத்துட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினால், அந்த அம்மா மறுபடி வருவது சந்தேகம். இன்றைக்கு வந்ததிலேயே ஒருநாள் கூலி போய்விட்டது.

முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள், காகிதம் பிறகு வரட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக்கூடாது. அங்கன்வாடிப் பதிவோ பெற்றோர் எழுதிக் கொடுப்பதோ போதும். பழைய பள்ளியிலிருந்து டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரவில்லை என்பதும் காரணமாகாது. அது 5-ஆம் பிரிவு. பள்ளியில் சேர ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

எந்த வகுப்பில் சேர்ப்பது? எழுதத் தெரியாது என்று ஒன்பது வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால், கூச்சத்திலேயே நின்றுவிடும். வயதுக்கேற்ற வகுப்பு, கூடவே குறைந்தது மூன்று மாதச் சிறப்புப் பயிற்சி. சட்டம் சொல்வதும் இதைத்தான்.

[திரையில்: பள்ளி அடையாள அட்டை, நெருக்கத்தில்.]

முகவரிக் கட்டத்தில் அருகிலுள்ள கோயிலையோ கடையையோ அடையாளமாக எழுதுங்கள். அம்மாவின் நம்பரோடு பக்கத்து டீக்கடை நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கலாம், அடகுக்கும் போயிருக்கலாம். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினால் இந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் பள்ளியின் முகவரியை அச்சிடுங்கள். 'நடைபாதை' என்று ஒரு சொல் அதில் இருந்தால் போதும், மறுநாளே அது பட்டப்பெயர் ஆகிவிடும்.

[திரையில்: இரவு, கடை ஷட்டர் இறங்குகிறது. அதன் முன்னால் பாய் விரிகிறது.]

கடை சாத்திய பிறகுதான் பாய் விரிக்க முடியும். விடியும் முன்னே சரக்கு லாரி வந்துவிடும். ஆகவே முதல் பீரியடில் தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். பள்ளிக் கேட்டை அரைமணி நேரம் முன்னதாகத் திறந்து வையுங்கள். ஒரு குழாய், சோப்பு, சீப்பு, ஒரு செட் மாற்றுச் சீருடை இருந்தால் போதும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு, தாழ்ப்பாள் விழும் கழிவறை எல்லாவற்றுக்கும் மேல்.

புத்தகப் பையைப் பள்ளியிலேயே வைத்துப் பூட்டுங்கள். தெருவில் ஒரு மழைக்குப் புத்தகம் ஊறி உப்பிவிடும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். வீட்டுப்பாடத்தை மாலையில் வகுப்பிலேயே முடிக்க முக்கால் மணி நேரம் கொடுங்கள்.

[திரையில்: தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி.]

வருட நடுவில் குடும்பத்தைப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற தொலைவான மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு மாற்றினால்? அமெரிக்காவில் மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, வீடிழந்த மாணவர் பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்தையும் கேட்டுப் பெறலாம். இங்கே அதை நாம்தான் பேசி முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு என்றால் தேர்வு வரை இருக்க விடுங்கள். பஸ் பாஸில் ஏறும் நிறுத்தத்தை உடனே மாற்றுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தினமும் அவ்வளவு தூரம் அலைக்கழிப்பது நியாயமில்லை. டி.சி.யைக் கையில் கொடுத்து, அன்றைக்கே எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, விடுங்கள். விடாவிட்டால் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளை இரண்டு பக்கமும் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்.

நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு தவறும் உண்டு. பிள்ளை தெருவில் தூங்குகிறது என்று தெரிந்ததும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் போடுவது. பிள்ளை தனியாக இருந்தால், அடி உதை, ஆபத்து என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். வீடு இல்லை என்பதற்காக மட்டும் அம்மாவிடமிருந்து பிரிக்கக்கூடாது. 'ஹோமுக்கு அனுப்பிடுவாங்க' என்ற பயத்திலேயே பள்ளிப் பக்கம் வராத அம்மாக்கள் உண்டு. அரசு விடுதியைப் பற்றிச் சொல்லுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள்.

கடைசியாக, ஐந்தாம் வகுப்பு முடிகிற இடம். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் மதியச் சாப்பாடு உண்டு, காலையில் எதுவும் இல்லை. பிள்ளை காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். ஏப்ரலிலேயே வகுப்பாசிரியர் அடுத்த பள்ளி ஹெச்.எம்.மிடம் பேசி, பெயரையும் டீக்கடை நம்பரையும் கொடுத்துவிட வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து மூன்று நாளாகியும் பிள்ளை வரவில்லையா? அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்.