பெட்டை பார்க்கும் கூடும் நாம் கேட்கும் கேள்வியும்

(மன்னார்குடியில் விலங்கியல் ஆசிரியர்களும் இளங்கலை மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, பிள்ளைகளோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பறவைகளின் பரிணாமம் பற்றிப் பேசும்படி அழைத்தீர்கள். அதைப் பேசும்போதே, அந்தப் பாடம் மாணவர் மனத்தில் இறங்கியதா என்று நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதையும் சேர்த்துப் பேச அனுமதி கேட்கிறேன். பல ஆண்டுகள் வகுப்பெடுத்து, பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். இந்த இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முதலில் தூக்கணாங்குருவி. வயலோரப் பனையிலும் தென்னையிலும் கருவேல மரத்திலும் தொங்கும் அதன் கூட்டைப் பார்க்காதவர் டெல்டாவில் இருக்க முடியாது. ஆனால் கூடு கட்டுவதை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? நெல் பச்சை கட்டி நிற்கும் நாட்களில் கொஞ்ச நேரம் ஒதுக்கி ஓர் ஆண்குருவியைக் கவனியுங்கள். தலையில் மஞ்சள் ஏறியிருக்கும். பெண்ணுக்கு அந்த மஞ்சள் கிடையாது. இனப்பெருக்கக் காலம் முடிந்தால் ஆணுக்கும் அது போய்விடும். நெல் தாளில் ஓர் ஓரத்தை அலகால் வெட்டும். வெட்டிய முனையைக் கவ்விக்கொண்டு பறக்கும். அந்த இழுப்பில் தாள் நீளவாக்கில் கிழிந்து, நாராக அலகோடு வந்துவிடும். ஒரு கூட்டை முடிக்க இப்படி நூற்றுக்கணக்கான நடை.

ஓலையில் முதலில் முடிச்சு விழும். பிறகு ஒரு வளையம் தொங்கும். வளையத்தின் ஒரு பக்கத்தில் முட்டை அறை உருவாகும். வாயில் குழலைக் கட்டுவதற்கு முன்பே ஆண் வேலையை நிறுத்திவிடும். அந்தப் பாதிக் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கத்தும். பெட்டைகள் வரும், உள்ளே நுழைந்து ஆராயும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். ஒரு பெட்டை ஏற்றுக்கொண்டால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். முடித்த கையோடு அருகிலேயே இன்னொரு கூட்டைத் தொடங்கும், இன்னொரு பெட்டைக்காக. மகாராஷ்டிரக் கடலோரத்தில் கிஹிம் என்ற ஊரில் இதை உட்கார்ந்து கவனித்து உலகுக்குச் சொன்னவர் நம் சாலிம் அலி.

பெட்டை எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலும் "நன்றாகப் பின்னிய கூட்டை" என்ற பதில்தான் வரும். பின்னலின் அழகில் நாம் மயங்குகிறோம், ஆகவே பெட்டையும் மயங்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். நம் நாட்டில் நடந்த கள ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பெட்டையின் தேர்வில் பின்னலைவிடக் கூடு எங்கே இருக்கிறது என்பதே அதிகம் எடுபடுகிறது. மரத்தில் உயரத்தில் இருக்கும் கூட்டுக்குக் கிராக்கி அதிகம். ஊகித்தால் கிடைக்காத விடை இது. எண்ணிப் பார்த்தவருக்குத்தான் கிடைத்தது.

இனி மயிலுக்கு வருவோம். இன்று காவிரிப் படுகையில் மயில் இல்லாத ஊர் குறைவு. நாற்றங்காலில் இறங்கி மேய்கிறது என்று விவசாயிகள் வருந்துகிறார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. அந்தத் தோகைதான் டார்வினைப் படாத பாடு படுத்தியது. 1859-இல் இயற்கைத் தேர்வை விளக்கிய நூலை வெளியிட்ட அவர், மறு ஆண்டு தாவரவியலாளர் ஆசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில், மயிலிறகைப் பார்க்கும்போதெல்லாம் தனக்குக் குமட்டுகிறது என்று எழுதினார். பிழைத்திருக்க உதவாத, ஓடவும் பறக்கவும் சுமையாக இருக்கும் ஓர் உறுப்பு எப்படி நிலைத்தது? 1871-இல் விடை சொன்னார்: பெண் தேர்ந்தெடுக்கிறது. பாலினத் தேர்வு என்று இன்று நாம் பாடம் நடத்துவது அதைத்தான். இயற்கைத் தேர்வைத் தனித்துக் கண்டறிந்த வாலஸ்கூட, பெண் பறவைக்கு இவ்வளவு பெரிய பங்கு இருக்க முடியும் என்பதை ஏற்கவில்லை. விவாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

இங்கேதான் விடைத்தாள் வருகிறது. "பாலினத் தேர்வு என்றால் என்ன?" என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. மாணவர் எழுதுகிறார்: "ஆண் மயில் பெண் மயிலைக் கவர்வதற்காக நீண்ட தோகையை வளர்த்துக்கொண்டது." நாம் என்ன செய்கிறோம்? சரி என்று குறியிட்டு இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போகிறோம். இருக்கிற கட்டு அவ்வளவு பெரியது, நாள் அவ்வளவு குறைவு. அதை நான் அறிவேன்.

ஆனால் அந்த விடை தவறு. எந்த மயிலும் எதையும் வளர்த்துக்கொள்ளவில்லை. தேவை வந்தது, ஆகவே உறுப்பு வந்தது என்ற எண்ணத்தைக் களைவதற்குத்தான் பரிணாமப் பாடமே இருக்கிறது. அந்த எண்ணம் முழு மதிப்பெண்ணோடு நம் கையைத் தாண்டிப் போகிறது. நடந்தது என்ன? ஆண்களுக்கிடையே தோகையில் சிறிய வேறுபாடுகள் இருந்தன. அந்த வேறுபாடு ஓரளவு தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. சில ஆண்களைப் பெட்டைகள் அதிகம் ஏற்றன. அவற்றின் குஞ்சுகள் பெருகின. அதோடு, மகனுக்கு நீண்ட தோகையையும் மகளுக்கு நீண்ட தோகையின் மீதான விருப்பத்தையும் ஒரே குடும்பம் கொடுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும் என்று மரபியலாளர் ரொனால்டு ஃபிஷர் காட்டினார். வேறுபாடு, மரபு, குஞ்சுகளின் எண்ணிக்கையில் வித்தியாசம் ஆகிய மூன்றும் விடையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மாணவருக்கு வார்த்தை தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இறகின் வரலாற்றிலும் இதே பிழைதான். பறப்பதற்காக இறகு தோன்றியது என்று எழுதுவார்கள். 1996-இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட சைனோசாராப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசருக்கு உடலெங்கும் இறகின் முன்னோடியான இழைகள் இருந்தன, அது பறக்கவில்லை. 2010-இல் அந்த இழைகளின் நிறமித் துகள்களை ஆராய்ந்தபோது, அதன் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தது தெரியவந்தது. பறக்கும் வேலை இறகுக்குப் பின்னால் வந்தது. உடல் சூட்டைக் காப்பதும், ஒருவேளை வண்ணத்தைக் காட்டுவதும் அதற்கு முந்தைய வேலைகள்.

சரி, வேறு எப்படிக் கேட்பது? எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். மால்ட்டே ஆண்டர்சன் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1982-இல் வெளியிட்டது. கென்யாவின் புல்வெளிகளில் ஒரு கறுப்புக் குருவி இருக்கிறது. நம் தூக்கணாங்குருவிக்கு உறவு, இரண்டும் ஒரே குடும்பம். ஆணின் வால் அரை மீட்டர் நீளம். அவர் 36 ஆண்களைப் பிடித்து நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வாலை வெட்டிக் குட்டையாக்கினார். வெட்டிய துண்டை இன்னொரு குழுவின் வாலில் பசையால் ஒட்டி நீளமாக்கினார். மூன்றாவது குழுவை ஒன்றும் செய்யாமல் விட்டார். நான்காவது குழுவின் வாலை வெட்டி, அதே வாலை அதே நீளத்தில் திரும்ப ஒட்டினார். பிறகு ஒவ்வோர் ஆணின் எல்லைக்குள் எத்தனை பெட்டைகள் புதிதாகக் கூடு வைத்தன என்று எண்ணினார். நீண்ட வாலுக்கே அதிகக் கூடுகள். வால் குட்டையான ஆண்கள் தங்கள் எல்லையை இழக்கவில்லை என்பதையும் பார்த்தார். ஆகவே ஆண்களின் சண்டையில் வாலுக்குப் பெரிய வேலை இல்லை. அது பெட்டையின் கண்ணுக்கானது.

இதை "விளக்குக" என்று கேட்டால் வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பதை மாணவர் அப்படியே எழுதிவிடுவார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அதே வாலை வெட்டி அதே நீளத்தில் ஏன் திரும்ப ஒட்டினார்?" வெட்டுவதும் ஒட்டுவதும் பறவையைக் கையில் பிடிப்பதுமே நடத்தையை மாற்றியிருக்கலாம், அதைப் பிரித்தறிய ஒரு குழு வேண்டும் என்று மாணவர் தம் சொந்த வார்த்தையில் எழுதினால், அறிவியல் எப்படிச் சிந்திக்கிறது என்பது அவருக்கு வந்துவிட்டது. மூன்று வரி போதும். திருத்த ஒரு நிமிடம் ஆகாது.

1975-இல் இஸ்ரேல் நாட்டு உயிரியலாளர் அமோட்ஸ் ஸஹாவி ஒரு கருத்தைச் சொன்னார். தோகை போன்ற ஒரு சமிக்ஞையை யார் வேண்டுமானாலும் மலிவாகக் காட்ட முடியும் என்றால் அதை நம்புவதில் பெட்டைக்கு லாபம் இல்லை. நலிந்த ஆணால் தாங்க முடியாத செலவு அதில் இருந்தால்தான் அது உண்மையைச் சொல்லும். எல்லாப் பறவைக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் மதிப்பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கருத்துத்தான் முன்னால் வந்து நிற்கிறது. மதிப்பெண்ணும் ஒரு சமிக்ஞை. மனப்பாடத்தால் மலிவாக வாங்கக்கூடிய மதிப்பெண், புரிந்துகொண்ட பிள்ளையையும் புரியாத பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. இதில் நஷ்டப்படுவது இருவருமே. புரிந்தவரின் உழைப்பு தெரியாமல் போகிறது. புரியாதவரிடம் அவருக்குப் புரியவில்லை என்று யாரும் சொல்வதே இல்லை.

அமெரிக்காவில் இதற்கென ஒரு வினாத் தொகுப்பு செய்தார்கள். 2002-இல் வெளியான அதில் இயற்கைத் தேர்வு பற்றி 20 கேள்விகள், எல்லாமே பலதெரிவு. பலதெரிவு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். தவறான தெரிவுகளை ஆசிரியர்கள் கற்பனையில் எழுதவில்லை. மாணவர்கள் உண்மையில் எப்படித் தவறாக நினைக்கிறார்கள் என்பதிலிருந்து எடுத்தார்கள். அதனால் தவறான விடையும் ஆசிரியருக்கு ஒரு செய்தி சொல்கிறது. கேள்விகள் கலாபகஸ் தீவுக் குருவிகளைப் பற்றியும், கப்பி மீன்களைப் பற்றியும், கேனரித் தீவுப் பல்லிகளைப் பற்றியும் வரும். அங்கே அது சரி. நம் பிள்ளை கலாபகஸைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறது.

நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சேறும் தண்ணீரும் நிற்கும் நெல்வயலிலேயே மயில் உள்ளான் இருக்கிறது. அந்தப் பறவையில் எல்லாம் தலைகீழ். செம்பழுப்புக் கழுத்தும் கண்ணைச் சுற்றிய வெள்ளைப் பட்டையுமாகப் பளிச்சென்று இருப்பது பெண்; மங்கலாகப் புல்லோடு புல்லாகக் கிடப்பது ஆண். அழைப்பது பெண். முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போவதும் பெண். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். அல்லிக் குளத்து நீளவால் இலைக்கோழியிலும் ஆணே அடைகாக்கிறது.

பெயரைச் சொல்லாமல் கேளுங்கள்: "ஒரு பறவையில் ஆண் மட்டுமே அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது. இதன் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ஏன்?" 1972-இல் உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ் சொன்ன கருத்து, அதாவது குஞ்சுக்கு அதிகம் செலவிடும் பாலினம் தேர்ந்தெடுக்கும், குறைவாகச் செலவிடும் பாலினம் போட்டியிடும் என்பது, மாணவருக்குப் பிடிபட்டிருந்தால் விடை தானாக வரும். ஆண்தான் எப்போதும் அழகு என்று மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொள்வது நல்லது. வகுப்பிலேயே மாட்டிக்கொண்டால் வகுப்பிலேயே சரிசெய்யலாம்.

முடிந்த முடிவுகளை மட்டுமே கேட்காதீர்கள் என்றும் வேண்டுகிறேன். இங்கிலாந்தில் மரியன் பெட்ரி, கண் புள்ளிகள் அதிகமுள்ள மயில்களுக்கு இணை அதிகம் கிடைப்பதைக் கண்டார்; புள்ளிகளை வெட்டி எடுத்தபோது இணை குறைந்தது. ஜப்பானில் 7 ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று, தோகைக்கும் இணை கிடைப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2008-இல் அறிவித்தது. இரண்டையும் மாணவர் முன் வைத்து, "எந்தத் தகவல் கிடைத்தால் முடிவு செய்யலாம்?" என்று கேளுங்கள். இதற்கு ஒற்றை விடை கிடையாது. காரணத்துக்கு மதிப்பெண் போடுங்கள்.

பாடத்திட்டம் நம் கையில் இல்லை, வினாத்தாள் வெளியிலிருந்து வருகிறது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 75 மதிப்பெண் நம் கையில் இல்லை. உள்மதிப்பீட்டின் 25 நம் கையில் இருக்கிறது. அதில் 5 மதிப்பெண்ணை ஒரு தூக்கணாங்குருவிக் குடியிருப்புக்கு ஒதுக்குங்கள். மாணவர்கள் நான்கு பேராகப் பிரிந்து, ஊர்ப் பனை ஒன்றில் எத்தனை பாதிக் கூடு, எத்தனை முழுக் கூடு, ஒவ்வொன்றும் எந்த உயரம், எந்தத் திசை என்று வாரம் ஒருமுறை குறித்து வரட்டும். கூட்டைத் தொடக் கூடாது, மரத்தில் ஏறக் கூடாது. பருவ முடிவில் அவரவர் குறிப்பேட்டை மேசையில் வைத்து, "உன் பெட்டைகள் எதைத் தேர்ந்தன? எப்படிச் சொல்கிறாய்?" என்று நேரில் ஐந்து நிமிடம் கேளுங்கள். பிறருடைய குறிப்பேட்டைப் பார்த்து எழுதியவர் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவார்.

இன்னொன்றும் கேட்டு அமர்கிறேன். இந்தப் பருவத்தில் திருத்தும்போது உங்கள் மாணவர் எழுதும் தவறான விடைகளை, பெயர் இல்லாமல், அவர்கள் எழுதிய தமிழிலேயே ஒரு தாளில் குறித்து வையுங்கள். குயிலில் கூவுவது பெண் என்று எழுதியிருப்பார்கள். தேவைக்காக உறுப்பு வளர்ந்தது என்று எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் குறியுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன் நாம் மீண்டும் கூடுவோம். ஒவ்வொரு கல்லூரியும் தன் தாளைக் கொண்டுவரட்டும். அந்தத் தவறுகளையே தெரிவுகளாக வைத்து, மயிலும் உள்ளானும் தூக்கணாங்குருவியும் வரும் 20 கேள்விகளை நாமே தமிழில் எழுதுவோம். முதல் வகுப்பில் ஒருமுறை, கடைசி வகுப்பில் ஒருமுறை அதே கேள்விகளைக் கொடுப்போம். நன்றி, வணக்கம்.