சுமை கூடினால் ஓடுபாதை எவ்வளவு நீளும்?

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் காலி லாரியும் மாங்காய் ஏற்றிய லாரியும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் எது முந்தும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்று வகுப்பில் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்கள்கூட, அந்த விசை எஞ்சினின் உந்துவிசை மட்டுமன்று, காற்றின் இழுவையும் சக்கரங்களின் உராய்வும் கழிந்த மிச்சமே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து ஏறத்தாழ 240 கிலோ நியூட்டன் உந்துவிசை தருகின்றன. எதிர்விசைகளுக்காகச் சராசரியாக 40-ஐக் கழிப்போம். இது கணக்கின் எளிமைக்காக நான் கொண்ட அளவு. மிச்சம் 200. விமானம் 60 டன் என்றால் முடுக்கம் வினாடிக்கு வினாடி 3.3 மீட்டர், 78 டன் என்றால் 2.6 மீட்டர்தான்.

லாரிக்கு இழப்பு இத்துடன் முடிகிறது, விமானத்துக்கு முடிவதில்லை. கூடுதல் எடையைத் தாங்கும் தூக்குவிசை இறக்கைகளில் பிறக்க வேண்டுமானால் வேகமும் கூட வேண்டும். அவ்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 78 டன் விமானம் வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் எழுமென்றால், 60 டன் விமானத்துக்கு 66 மீட்டரே போதும். ஆகவே கனமான விமானம் மெதுவாக வேகம் பெற்று, அதிக வேகத்தையும் எட்டியாக வேண்டும். நம் கணக்கில் இலகுவானது சுமார் 650 மீட்டர் ஓடி எழுகிறது. கனமானதோ 1,100 மீட்டர் ஓடுகிறது. நிறை 30 விழுக்காடு கூடியதற்குத் தூரம் 70 விழுக்காடு கூடிவிட்டது! நடைமுறையில் பாதை இன்னும் நீளமாக இருக்க வேண்டும். வழியில் எஞ்சின் ஒன்று பழுதானால் நிறுத்தவும் இடம் வேண்டுமல்லவா?

ஓடும்போதே விசைகளும் மாறுகின்றன. வேகம் ஏற ஏற இழுவை வளர்கிறது. இறக்கைகள் எடையைத் தாங்கத் தொடங்குவதால் சக்கரங்களின் உராய்வு குறைகிறது.

நம் மாவட்டத்து ஓசூர் விமானத்தளம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு என்பதால், எஞ்சினின் உந்துவிசையும் குறைகிறது, எழுவதற்கான வேகமும் கூடுகிறது. சித்திரை வெயில் அந்தக் காற்றை மேலும் மெலிதாக்கும்போது, சரக்கையோ எரிபொருளையோ குறைப்பதைத் தவிர விமானிக்குச் சில வேளைகளில் வேறு வழியிருப்பதில்லை.