குரலா, பியானோவா? பியானோ அணியின் வாதம்

நடுவர் அவர்களே, "அமெரிக்க சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினை உச்சிக்குக் கொண்டுபோனது குரலா, பியானோவா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் குரலைப் புகழ்ந்தார். அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே குரல்தானே 1960-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தது? ஆறு வருஷத்தில் பாப் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதல் 40-க்குள் வந்தது ஒரே பாட்டு. அதுவும் 37-ஆம் இடம்!

அங்கேயும் சில பதிவுகளில் அவர் பியானோ வாசித்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல பாட்டுகளுக்கு வேறொருவர் எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்து வயலின் கூட்டம் வாசித்தது. பாடகி ஓர் அடியை நீட்ட நினைத்தால் தாளில் அதற்கு இடமில்லை. அவர் வளர்ந்ததோ டெட்ராய்ட்டில், அப்பா போதகராக இருந்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில். அந்த மரபில் பாடும் வரிக்குப் பியானோ பதில் சொல்லும்; அந்தப் பதிலைக் கேட்டுத்தான் அடுத்த வரி பிறக்கும். குறிப்பு படிக்கத் தெரியாமல் காதாலேயே பிடித்த கை அது. (பாடம் நடத்த ஆசிரியை வந்தால் ஒளிந்துகொள்வாராம்!) பாடுவதும் வாசிப்பதும் ஒரே ஆள் என்றால், எங்கே மூச்சு விடுவது, எங்கே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மாற்றுவது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

1967 ஜனவரி, அலபாமாவின் மஸல் ஷோல்ஸ், ஃபேம் ஸ்டுடியோ. அவரது புதிய இசைத்தட்டு நிறுவனமான அட்லாண்டிக்கின் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் அவரைப் பியானோவில் உட்காரவைத்தார். அந்த ஸ்டுடியோவின் கீபோர்டு கலைஞர் ஸ்பூனர் ஓல்ட்ஹாம் வுர்லிட்சர் மின்பியானோவுக்கு நகர்ந்தார். முதலில் யாருக்கும் நடை பிடிபடவில்லை. ஓல்ட்ஹாம் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு இசைச் சுற்றைக் கண்டுபிடித்ததும் எல்லாம் கூடி வந்தது. "அப்படியானால் பெருமை ஓல்ட்ஹாமுக்குத்தானே?" என்பீர்கள். அந்தச் சுற்று சுற்றி ஓடியது யாருடைய பியானோவை? அப்படிப் பிறந்த 'ஐ நெவர் லவ்டு எ மேன்' பாட்டு, கறுப்பின மக்களின் இசையான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் 9.

அடுத்த பாட்டு 'டூ ரைட் உமன்' பாதியில் நின்றது. தகராறு மூண்டு பதிவே கலைந்தது. மிஞ்சியது டிரம்ஸ், பேஸ், கிட்டார் கொண்ட வெறும் எலும்புக்கூடு. நியூயார்க்கில் அரீத்தா அதன்மேல் பியானோவையும் ஆர்கனையும் தானே வாசித்துச் சேர்த்தார், சகோதரிகளோடு பாடி முடித்தார். வெறும் குரலை வைத்து அந்தப் பதிவை நிமிர்த்தியிருக்க முடியுமா?

1998 கிராமி விழாவை எதிரணி இழுக்கும். ஓபரா பாடகர் பாவரொட்டி பாட முடியாமல் போக, அவர் இடத்தில் அரீத்தா பியானோவைத் தொடாமலே 'நெஸ்ஸுன் டோர்மா' என்ற ஓபரா பாட்டைப் பாடி அரங்கை எழுப்பினார், உண்மை. ஆனால் அப்போது அவர் 'சோல் இசையின் ராணி'யாகி முப்பது வருஷம் ஆகியிருந்தது. நம் வழக்கு முடிசூடியது எப்படி என்பது, நடுவர் அவர்களே.