குழந்தையின் எடை ஏறவில்லையா? தாயின் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சில சொற்கள்

வணக்கம். மேலூரில் எங்கள் அம்மா வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுகிறேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் தங்கை உள்ளே குழந்தையோடு கண்ணயர்ந்திருப்பதால் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிறக்கும்போது 2 கிலோ 800 கிராம் இருந்த குழந்தை, ஐந்தாம் நாளில் 2 கிலோ 600 கிராம் ஆனது. முதல் சில நாள்களில் இப்படிக் குறைவது இயல்புதான். ஆனால் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டியிருக்க வேண்டும். எங்கள் குழந்தை எட்டவில்லை என்பதால் உடனே மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் தாயையும் குழந்தையையும் சோதித்து, நோய் எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, பாலூட்டும் முறையைப் பார்க்கச் சொல்லி ஒரு செவிலியரிடம் அனுப்பினார்.

அதற்குள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "பால் பத்தலை போல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு என் தங்கை சுவர்ப்பக்கம் திரும்பி அழுதபடியே பால் கொடுத்தாள். மனவேதனையும் வலியும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும் என்பதை அந்தச் செவிலியர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

அவர் முதலில் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து கவனித்தார். குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருந்தது. உறிஞ்சும்போது கன்னம் குழி விழுந்தது, "டிக், டிக்" என்று ஒரு சத்தம் வந்தது, வாயை எடுத்தபோது காம்பு ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. தங்கையின் முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, காம்பால் மேலுதட்டைத் தொட்டு, கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, பிறகே அணைக்கச் சொன்னார். மோவாய் மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடங்கியது, சற்று நேரத்தில் "கடக்" என்று விழுங்கும் சத்தம் கேட்டது. என் அம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.

மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாகச் சுரக்கும். ஆகவே ஒரு நாளில் 8 முதல் 12 முறை, இரவிலும் தவறாமல் கொடுக்க வேண்டும். தூங்கி வழியும் குழந்தையை எழுப்பியாவது கொடுக்க வேண்டும். சில நாள்களுக்கு, பால் கொடுத்து முடித்த பிறகு கையால் பீய்ச்சி, அந்தப் பாலையும் பாலாடையில் புகட்டினோம். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் நல்ல உணவுதான், நானே சமைத்துப் போட்டேன். ஆனால் குழந்தை சரியாகக் கவ்வாவிட்டால் எத்தனை புட்டு தின்றாலும் பயனில்லை என்பது என் கருத்து. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற பேச்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தையின் நாவில் வைக்கும் சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அது வயிற்றை நிரப்பிப் பால்பசியைக் கெடுக்கும்.

எடையைத் தினமும் பார்த்துப் பதறாமல், வாரம் ஒரு முறை, ஒரே தராசில், துணியில்லாமல் பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் நன்றாகப் போக வேண்டும். அது குறைந்தாலோ, அடர்நிறமானாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்க எழாவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புட்டிப்பால் தேவை என்று மருத்துவரே சொன்னால் அதைக் கொடுங்கள். அந்தத் தாயை யாரும் குறை சொல்லக் கூடாது.

மற்ற வேலை எல்லாம் நம்முடையது. துணி அலசுவது, இரவு இரண்டு மணிக்குச் செம்பில் வெந்நீர் நீட்டுவது, பார்க்க வருபவர்களை வாசலிலேயே அமர்த்திப் பேசுவது ஆகியவற்றை நானும் அம்மாவும் பிரித்துக்கொண்டோம். சென்ற வாரம் குழந்தைக்கு 190 கிராம் ஏறியிருந்தது. "பால் பத்தலை" என்று முதலில் சொன்ன அத்தைதான் இப்போது மாலைதோறும் வந்து, தங்கை பால் கொடுத்து முடிக்கும்வரை அவள் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருக்கிறார்.